வெப்பநிலையைக் காக்கும் ஆளி எது?
வெப்பநிறுத்தி – ரிலே – திண்ம நிலை ரிலே: தெரிவு செய்யும் முறை



பேசாலை தொடக்கம் சிலாவத்துறை வரை எமது கரையோரத்தில் கருவாடு போடும் வாடிகளை நீங்கள் அறிவீர்கள். வெயில் காலத்தில் சூரியனே உலர்த்துகின்றது. ஆனால் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மாரி காலத்தில் வானம் மூடிக்கொண்டால் வெட்டி உப்பிட்ட மீன் காயாது. பூஞ்சணம் பிடிக்கும், ஈ மொய்க்கும், சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும் நட்டம் ஏற்படும். இதற்கு ஒரு தீர்வு, மின்னால் வெப்பமேற்றிய காற்றைச் செலுத்தும் உலர்த்தும் பெட்டி ஆகும்.

அப்பெட்டியினுள் வெப்பநிலை 50 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும் எனக் கொள்வோம். மிகவும் குறைந்தால் மீன் காய்வதற்கு முன் பழுதாகிவிடும். 60 பாகைக்கு மேற் சென்றால் தசை வேகத் தொடங்கும். மேற்பரப்பு விரைவில் இறுகி, உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றி அடைபடும். வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் உள்ள கருவாடு சில நாட்களில் கெட்டுவிடும். ஆகவே வெப்பமாக்கியை உரிய நேரத்தில் போட்டு, உரிய நேரத்தில் நிறுத்தும் ஆளி ஒன்று தேவை. எந்த ஆளியைத் தெரிவு செய்வது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்,
• வெப்பக் கட்டுப்பாட்டுத் தொகுதியின் பகுதிகளைப் பெயரிடவும்,
• மூன்று வகை ஆளிகளின் தொழிற்பாட்டை விளக்கவும்,
• ஒரு தேவைக்குப் பொருத்தமான ஆளியைக் கணித்துத் தெரிவு செய்யவும்,
• ஆளி பழுதடைந்தால் நேரும் ஆபத்தையும் அதற்கான காப்பையும் கூறவும்
ஆற்றல் பெறுவீர்கள்.

1. வெப்பக் கட்டுப்பாட்டுத் தொகுதி

எந்த வெப்பக் கட்டுப்பாட்டுத் தொகுதியிலும் நான்கு பகுதிகள் உண்டு.

அ. வெப்பமாக்கி – மின்சக்தியை வெப்பமாக மாற்றும் சுருள்.
ஆ. உணரி – வெப்பநிலையை அறியும் உறுப்பு. 50 பாகை போன்ற வெப்பநிலைகளுக்கு வெப்பத்தடையி (தேமிஸ்ரர்) போதுமானது. பொதுவாகப் பயன்படும் வகையில் வெப்பநிலை கூடும்போது அதன் தடை குறையும். சூளை, உலை போன்ற பல நூறு பாகை வெப்பநிலைகளுக்கு வெப்பவிணை பயன்படும். இதன் அடிப்படையான விளைவை சீபெக் 1821 இல் கண்டறிந்தார்.
இ. கட்டுப்படுத்தி – உணரி தரும் அளவை நாம் குறித்த அளவுடன் ஒப்பிட்டு "போடு" அல்லது "நிறுத்து" என்ற கட்டளையைத் தரும் சுற்று.
ஈ. ஆளி – அக்கட்டளைப்படி வெப்பமாக்கிக்குச் செல்லும் மின்னோட்டத்தை இணைக்கும் அல்லது துண்டிக்கும் உறுப்பு.

மண்சட்டியில் குழம்பு கொதிக்கும்போது அடுப்பை அணைத்தாலும் அது உடனே அடங்குவதில்லை. சட்டியில் உள்ள வெப்பம் சற்று நேரம் அதனைக் கொதிக்க வைக்கும். வெப்பமாக்கிச் சுருளும் அவ்வாறானதே. 50 பாகையில் மின்னைத் துண்டித்தாலும் பெட்டியின் வெப்பநிலை மேலும் சில பாகைகள் ஏறி, அதன் பின்னரே இறங்கும். எனவே வெப்பநிலையை நெருக்கமாகப் பேண வேண்டுமாயின், நீண்ட நேரம் போட்டு நீண்ட நேரம் நிறுத்துவதற்குப் பதிலாகச் சிறிது சிறிதாக அடிக்கடி போட்டு நிறுத்த வேண்டும்.

கவனிக்க: நுண்மை கூடக் கூட ஆளி தொழிற்படும் தடவைகளும் கூடும். ஆளியைத் தெரிவு செய்வதில் எழும் சிக்கல் இதிலிருந்தே தொடங்குகின்றது.

2. ஈருலோக வெப்பநிறுத்தி

வெவ்வேறு விரிவு கொண்ட இரு உலோகக் கீலங்களை ஒன்றாகப் பொருத்தியதே ஈருலோகக் கீலம் ஆகும். உதாரணமாக, பித்தளை கூடுதலாகவும் இன்வார் என்னும் கலப்புலோகம் மிகக் குறைவாகவும் விரியும். வெப்பமேறும்போது கூடுதலாக விரியும் உலோகம் வளைவின் வெளிப்புறமாக அமையும்படி கீலம் வளையும். தொடுகை விலகிச் சுற்று திறக்கும். குளிரும்போது கீலம் நிமிர்ந்து சுற்று மூடும். இத்தகைய கருவிக்கு அன்ட்ரூ யூர் என்னும் இரசாயனவியலாளர் 1830 இல் காப்புரிமை பெற்றார்.

இங்கு உணரி, கட்டுப்படுத்தி, ஆளி ஆகிய மூன்றும் ஒரே உறுப்பாக உள்ளன. இதனால் விலை குறைவு, அமைப்பு எளிது. மின்னழுத்தியில் இதுவே உள்ளது. ஆனால் கீலம் வளைவதற்கும் மீண்டும் நிமிர்வதற்கும் இடையில் பல பாகைகள் வித்தியாசம் இருக்கும். துணி அழுத்துவதற்கு அது தடையல்ல. கோழி முட்டை அடைகாக்கும் பொறிக்கு அது பொருந்தாது. அங்கு ஏறத்தாழ 37.5 பாகையை 21 நாட்கள் பேண வேண்டும். ஓரிரு பாகைகள் கூடி நின்றாலே குஞ்சு இறக்க நேரிடலாம்.

3. மின்காந்த ரிலே

சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்காந்த ஆளியே ரிலே ஆகும். அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835 அளவில் இதன் தத்துவத்தைப் பயன்படுத்திக் காட்டினார்.

தொழிற்பாடு: சுருளினூடாகச் சிறிய மின்னோட்டம் செல்லும்போது மெல்லிரும்பு அகணி காந்தமாகும். அது ஆமேச்சரை இழுக்கும். தொடுகைகள் சேர்ந்து வெப்பமாக்கியின் சுற்று மூடும். சுருளின் மின்னோட்டம் நின்றதும் வில் தொடுகையைப் பிரிக்கும்.

கட்டுப்படுத்தியின் பயப்பு பொதுவாக ரிலேச் சுருளை நேரடியாக இயக்கப் போதாது. ஆகவே திரான்சிற்றர் ஒன்று ஆளியாகப் பயன்படுத்தப்படும். சுருளுக்குச் சமாந்தரமாக, பின்முகக் கோடலில் ஓர் இருவாயியும் இணைக்கப்படும். சுருளின் மின்னோட்டம் திடீரென நிற்கும்போது தூண்டப்படும் உயர் பின் மின்னியக்க விசையிலிருந்து திரான்சிற்றரைக் காப்பதே இவ்விருவாயியின் பணியாகும். பரீட்சைக்கு இது முக்கியமான குறிப்பு.

நன்மைகள்: விலை குறைவு, மூடிய நிலையில் தொடுகையின் தடை மிகச் சிறிது, எனவே அது பெரிதாகச் சூடேறுவதில்லை, திறந்த நிலையில் முழுமையான இடைவெளி உண்டு.

குறைபாடு: ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தொடுகைகளிடையே சிறிய மின்வில் தோன்றும். அது உலோகத்தைச் சிறிது சிறிதாக அரிக்கும். சாதாரண ரிலேக்கள் பலவற்றின் தரவுத் தாளில், முழுச் சுமையில் ஏறத்தாழ 1,00,000 தடவைகள் தொழிற்படும் எனக் குறிக்கப்பட்டிருக்கும். அடிக்கடி போட்டு நிறுத்தும் வேலைக்கு இது எவ்வளவு காலம் தாங்கும் என்பதைப் பகுதி 5 இல் கணிப்போம்.

4. திண்ம நிலை ரிலே

இதில் அசையும் பகுதி எதுவும் இல்லை. உள்ளீட்டுப் பக்கத்தில் ஓர் ஒளிகாலும் இருவாயி உண்டு. அது ஒளிரும்போது எதிரேயுள்ள ஒளியுணர் உறுப்பு தூண்டப்பட்டு, வெளியீட்டுப் பக்கத்தில் உள்ள தைரிஸ்டர் அல்லது ட்ரயக் என்னும் குறைகடத்தி ஆளி கடத்தத் தொடங்கும். இரு பக்கங்களுக்கும் இடையே ஒளி மட்டுமே செல்வதால் கட்டுப்பாட்டுச் சுற்று பிரதான மின்னிலிருந்து பிரிந்து நிற்கும். சிலிக்கன் தைரிஸ்டரை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1957 இல் உருவாக்கியது.

இலங்கையின் பிரதான வழங்கல் 230 வோல்ற்று ஆடலோட்டமாகும். அதன் மீடிறன் செக்கனுக்கு 50 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் வோல்ற்றளவு இரு தடவை பூச்சியத்தைக் கடக்கும். வெப்பமாக்கிகளுக்கான திண்ம நிலை ரிலேக்கள் பெரும்பாலும் வோல்ற்றளவு பூச்சியத்தை அடையும் கணத்திலேயே கடத்தத் தொடங்கும். மின்னோட்டம் பூச்சியமாகும் கணத்தில் நின்றுவிடும். இதனால் தீப்பொறி இல்லை, வானொலிக்கு இரைச்சலும் குறைவு.

2 செக்கன்களில் 100 முழுச் சுற்றுகள் உண்டு. அவற்றுள் 25 சுற்றுகளை மட்டும் செல்லவிட்டால் வெப்பமாக்கி தன் வலுவில் 25% ஐ மட்டும் தரும். 2300 வாற்று வெப்பமாக்கி சராசரியாக 575 வாற்று வெப்பமாக்கி போல் நடந்துகொள்ளும். இவ்வாறு வேண்டிய அளவை அளந்து கொடுப்பதால் வெப்பநிலை ஏறி இறங்காது நிலைத்திருக்கும்.

இதே குடும்பத்துக் குறைகடத்தி ஆளிகள் எம் கண்முன்னே பெரிய அளவிலும் தொழிற்படுகின்றன. மன்னார்த் தீவின் தென் கரையில் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையில் 30 சுழலிகள் உள்ளன. மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற்று, அதாவது ஒரு சுழலிக்கு 3.45 மெகாவாற்று. மாறும் காற்று வேகத்தில் பிறக்கும் மின்னை 50 சுற்று மின்னாக மாற்றுவது அவற்றினுள் உள்ள குறைகடத்தி ஆளிச் சுற்றுகளே.

குறைபாடுகள்:
அ. கடத்தும்போது இதன் குறுக்கே 1 முதல் 1.5 வோல்ற்று வரை வீழ்ச்சி உண்டு. அது வெப்பமாக மாறும். எனவே அலுமினியத் துடுப்புகள் கொண்ட வெப்பக் கடத்தித் தகடு அவசியம்.
ஆ. நிறுத்திய நிலையிலும் சில மில்லியம்பியர் மின்னோட்டம் கசியும். ஆகவே "நிறுத்தியாயிற்று" என நம்பி வெப்பமாக்கியின் முனைகளைத் தொடக்கூடாது.
இ. ஆடலோட்டத்துக்கான திண்ம நிலை ரிலேயை சூரியக்கல மின்கலச் சுற்றில், அதாவது நேரோட்டத்தில், பயன்படுத்தக்கூடாது. நேரோட்டம் பூச்சியத்தைக் கடப்பதில்லை. ஒருமுறை கடத்தத் தொடங்கினால் நில்லாது.
ஈ. பழுதடையும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே பழுதடையும். இதன் விளைவைப் பகுதி 6 இல் காண்க.

5. தெரிவு செய்யும் முறை

வினா: 230 வோல்ற்றில் இயங்கும் 2300 வாற்று வெப்பமாக்கி கொண்ட மீன் உலர்த்தும் பெட்டி ஒன்று மாரி காலத்தில் இரவு பகலாக இயங்க வேண்டும். இதற்குப் பொருத்தமான ஆளி எது?

படி 1 – எவ்வளவு மின்னோட்டம்?
வலு = வோல்ற்றளவு × மின்னோட்டம்
மின்னோட்டம் = 2300 ÷ 230 = 10 அம்பியர்
வெப்பமாக்கியின் தடை = 230 ÷ 10 = 23 ஓம்

10 அம்பியருக்குச் சரியாக 10 அம்பியர் என்று எழுதிய ஆளியை வாங்குவது நல்லதன்று. எப்போதும் எல்லையில் இயங்கும் ஆளி விரைவில் கெடும். 16 அம்பியர் ரிலே அல்லது 25 அம்பியர் திண்ம நிலை ரிலே தெரிவு செய்யப்படலாம்.

படி 2 – எத்தனை தடவை?
நுண்ணிய கட்டுப்பாட்டுக்காக 20 செக்கன்களுக்கு ஒரு முறை ரிலே தொழிற்படுவதாகக் கொள்வோம்.
ஒரு நிமிடத்துக்கு 3 தடவை
ஒரு மணித்தியாலத்துக்கு 3 × 60 = 180 தடவை
ஒரு நாளுக்கு 180 × 24 = 4320 தடவை
1,00,000 ÷ 4320 = ஏறத்தாழ 23 நாட்கள்

மாரி காலம் முடியும் முன்பே ரிலே தன் ஆயுளை முடித்துவிடும்! 5 நிமிடங்களுக்கு ஒரு முறை மட்டும் தொழிற்பட்டால், நாளொன்றுக்கு 288 தடவைகள். ரிலே ஏறத்தாழ 347 நாட்கள் தாங்கும். ஆனால் வெப்பநிலை கூடுதலாக ஏறி இறங்கும்.

படி 3 – எவ்வளவு வெப்பம் வெளியேற வேண்டும்?
திண்ம நிலை ரிலேயின் வோல்ற்றளவு வீழ்ச்சி 1.2 வோல்ற்று எனின்,
அதில் உண்டாகும் வெப்பம் = 1.2 × 10 = 12 வாற்று
தீப்பெட்டி அளவுக்குச் சற்றுப் பெரிய உறுப்பு ஒன்றினுள் தொடர்ந்து 12 வாற்று வெப்பம் தேங்கினால் அது கருகிவிடும். எனவே அதனை அலுமினியத் தகட்டில் இறுகப் பொருத்தி, காற்றோட்டமான இடத்தில், உலர்த்தும் பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும்.

முடிவு: வெப்பநிலை சில பாகைகள் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை எனின் 16 அம்பியர் ரிலே போதும், செலவும் குறையும். 50 பாகையை நெருக்கமாகப் பேண வேண்டுமெனின் வெப்பக் கடத்தித் தகட்டுடன் கூடிய 25 அம்பியர் திண்ம நிலை ரிலே பொருத்தமானது. விலை கூடியதே எப்போதும் சிறந்தது என விடை எழுதாதீர்கள். தேவையைக் கூறி, அதற்குரிய ஆளியைக் கூறுவதே சரியான விடையாகும்.

கரையோரத்துக்குரிய குறிப்பு: எமது காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. இவை திறந்த தொடுகைகளையும் செப்புக் கம்பி முனைகளையும் அரிக்கும். அரித்த முனையின் தடை கூடும். தடை கூடிய இடம் சூடேறும். ஆகவே முற்றாக மூடிய ரிலேயைத் தெரிவு செய்து, காற்றுப் புகாத பெட்டியில் வைத்து, முனைகளை இறுக்கமாகப் பொருத்த வேண்டும். திண்ம நிலை ரிலேயின் வெப்பக் கடத்தித் தகடு மட்டும் பெட்டியின் வெளிப்புறமாக நீட்டி நிற்கலாம்.

6. ஆளி பழுதடைந்தால்?

பலர் மறந்துவிடும் பகுதி இதுவாகும். ஊன்றி வாசியுங்கள்.

நள்ளிரவில், எல்லோரும் உறங்கும் நேரத்தில், திண்ம நிலை ரிலே மூடிய நிலையில் பழுதடைகின்றது எனக் கொள்வோம். கட்டுப்படுத்தி "நிறுத்து" என்று கட்டளையிட்டாலும் மின்னோட்டம் நிற்காது. வெப்பநிலை 60, 80, 100 பாகை என ஏறிக்கொண்டே செல்லும். முதலில் மீன் வெந்து கெடும். பின்பு பெட்டியின் பலகை தீப்பற்றும்.

"உருகி எரிந்து சுற்றைத் துண்டிக்கும் அல்லவா?" என நீங்கள் கேட்கலாம். துண்டிக்காது. காரணம், அப்போது செல்லும் மின்னோட்டம் வழக்கமான அதே 10 அம்பியரே. உருகியும் சுற்றுடைப்பானும் அறிவது மின்னோட்டம் மிகைத்துவிட்டதா என்பதை மட்டுமே. வெப்பநிலையை அவை அறியா. மின்னொழுக்கின் போது தொழிற்படும் ரிப் சுவிச்சும் இங்கு தொழிற்படாது. ஏனெனில் மின்னோட்டம் புவிக்கு ஒழுகவில்லை. ரிலேயின் தொடுகைகள் மின்வில்லால் ஒட்டிக்கொண்டாலும் இதே நிலைமையே ஏற்படும்.

எனவே காப்புக்கு இன்னொரு தனி உறுப்பு வேண்டும். அதற்குரிய விதிகள்:
அ. அது வெப்பமாக்கியுடன் தொடராக, உயிர்க்கம்பியில் இணைக்கப்பட வேண்டும்.
ஆ. அது தன் சொந்த உணரியால் தொழிற்பட வேண்டும். முதல் உணரி கழன்று விழுந்தால் இரண்டாவதும் ஏமாறக்கூடாது.
இ. ஒருமுறை துண்டித்தால் தானாக மீண்டும் இணையக்கூடாது. ஒருவர் வந்து காரணத்தை ஆராய்ந்த பின்னரே கையால் மீளமைக்க வேண்டும்.

இவ்வேலைக்கு, எமது உதாரணத்தில் ஏறத்தாழ 65 பாகையில் துண்டிக்கும், கையால் மீளமைக்கும் ஈருலோக வெப்பநிறுத்தி ஒன்று போதுமானது. அதற்கு அப்பால், குறித்த வெப்பநிலையில் ஒரேயடியாக உருகித் துண்டிக்கும் வெப்ப உருகியையும் சேர்க்கலாம். பார்த்தீர்களா? நுண்ணிய கட்டுப்பாட்டுக்கு உதவாது என நாம் ஒதுக்கிய மலிவான ஈருலோகக் கீலம், காவலாளி வேலைக்குப் பொருத்தமானதாகின்றது. நாளாந்தம் ஆயிரக்கணக்கில் தொழிற்படுவது திண்ம நிலை ரிலே. ஆண்டில் ஒருமுறை தொழிற்பட்டாலும் போதும் எனக் காத்திருப்பது வெப்பநிறுத்தி.

எச்சரிக்கை: 230 வோல்ற்றுச் சுற்றுகளை நீங்களாகத் திறந்து வேலை செய்ய வேண்டாம். தகுதி பெற்ற மின்னியலாளரே அதனைச் செய்ய வேண்டும். கற்றலுக்கு 6 அல்லது 12 வோல்ற்று மின்கலமும் சிறு மின்குமிழும் போதும்.

7. சுருக்க அட்டவணை

ஈருலோக வெப்பநிறுத்தி – விலை மிகக் குறைவு, நுண்மை குறைவு, பயன்: மின்னழுத்தி, மிகை வெப்பக் காப்பு.
மின்காந்த ரிலே – விலை குறைவு; நுண்மை நடுத்தரம்; தொடுகை தேயும்; பயன்: எப்போதாவது போட்டு நிறுத்தும் வெப்பமாக்கி, நீரிறைக்கும் பம்பி.
திண்ம நிலை ரிலே – விலை கூட, நுண்மை கூட, தொடுகை தேய்வில்லை, சூடேறும், மூடிய நிலையில் பழுதாகும், பயன்: அடைகாக்கும் பொறி, உலர்த்தி, தொழிற்சாலை உலை.

8. பரீட்சையில் நிகழும் தவறுகள்

• "ரிலே மின்னோட்டத்தைப் பெருக்குகின்றது" என எழுதுதல் தவறு. ஒரு சுற்றின் சிறிய மின்னோட்டம் வேறொரு சுற்றின் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்துகின்றது என எழுதுக.
• வெப்பம், வெப்பநிலை ஆகியவற்றை மாறி எழுதாதீர்கள். உணரி அளப்பது வெப்பநிலை. சுருள் தருவது வெப்பம்.
• கணிப்புகளில் சூத்திரம், பிரதியீடு, விடை, அலகு ஆகிய நான்கையும் எழுதுக.
• காரணம் கேட்கும் வினாவுக்குப் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள்.

9. பயிற்சி வினாக்கள்

1. 230 வோல்ற்றில் இயங்கும் 1150 வாற்று வெப்பமாக்கியின் மின்னோட்டத்தையும் தடையையும் காண்க.
2. ரிலேச் சுருளுக்குச் சமாந்தரமாக இருவாயி இணைக்கப்படுவதேன்?
3. அடைகாக்கும் பொறி ஒன்றின் ரிலே நிமிடத்துக்கு ஒரு தடவை தொழிற்படுகின்றது. அதன் ஆயுள் 1,00,000 தடவைகள். அது எத்தனை நாட்கள் தாங்கும்? 21 நாட்கள் கொண்ட எத்தனை அடைகளை முழுமையாக முடிக்கலாம்?
4. 8 அம்பியர் மின்னோட்டம் செல்லும் திண்ம நிலை ரிலேயில் வீழ்ச்சி 1.2 வோல்ற்று. அதில் உண்டாகும் வெப்பத்தின் வலு யாது?
5. 50 பாகைக்குக் குறித்த உலர்த்தி ஒன்று 75 பாகையைக் காட்டுகின்றது. கட்டுப்படுத்தியின் விளக்கு அணைந்துள்ளது. உருகி நன்றாக உள்ளது. பழுது எங்கே? உருகி எரியாததேன்? இனி இவ்வாறு நேராதிருக்க யாது செய்யலாம்?

விடைகள்

1. 1150 ÷ 230 = 5 அம்பியர்; 230 ÷ 5 = 46 ஓம்.
2. சுருளின் மின்னோட்டம் நிற்கும்போது தூண்டப்படும் பின் மின்னியக்க விசையால் திரான்சிற்றர் பழுதடையாது காப்பதற்கு.
3. நாளொன்றுக்கு 60 × 24 = 1440 தடவைகள். 1,00,000 ÷ 1440 = ஏறத்தாழ 69 நாட்கள். 3 அடைகள் (63 நாட்கள்). நான்காவது அடையை வைக்கும் முன் ரிலேயை மாற்றுவது புத்திசாலித்தனம். இல்லையேல் முட்டைகள் பொறியினுள் இருக்கும்போதே அது பழுதடையலாம்.
4. 1.2 × 8 = 9.6 வாற்று.
5. கட்டுப்படுத்தி "நிறுத்து" என்று கூறியும் மின்னோட்டம் செல்வதால் ஆளி மூடிய நிலையில் பழுதடைந்துள்ளது. மின்னோட்டம் வழக்கமான அளவே ஆதலால் உருகி எரியவில்லை. தனி உணரி கொண்ட, கையால் மீளமைக்கும் மிகை வெப்பத் துண்டிப்பானை வெப்பமாக்கியுடன் தொடராக இணைக்க வேண்டும்.

நினைவிற் கொள்க: ஆளியைத் தெரிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எவ்வளவு மின்னோட்டம்? எத்தனை தடவை? பழுதானால் திறந்து நிற்குமா, மூடி நிற்குமா? முதல் இரண்டுக்கும் விடை தருபவர் பலர். மூன்றாவதுக்கும் விடை எழுதும் மாணவரே பாடத்தை முழுமையாக விளங்கிக்கொண்டவர் ஆவார்.